வாசகர் கேள்வி: மூதவை போன பிறகு

கே: நம் இலங்கையிலும் முன்பு இரண்டு சபைகள் இருந்தனவாமே? இப்போது பிழையான சட்டமூலம் ஒன்று வந்தால் தடுக்க வழி உண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

ப: இருந்தன. செனற் எனப்பட்ட மூதவை 1947இல் தொடங்கி, 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி ஒழிக்கப்பட்டது. உறுப்பினர் 30 பேர். 15 பேரை, மக்கள் தெரிவு செய்த கீழவையான பிரதிநிதிகள் சபை தெரிவு செய்யும். மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி, பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமிப்பார். நிதிச் சட்டமூலம் அங்கே தொடங்க முடியாது. மற்றவற்றை இழுத்தடிக்கலாம், அடியோடு தடுக்க முடியாது. பாதிப் பேர் அரசாங்கம் போட்டவர்கள் என்றால் கடிவாளம் எவ்வளவு இறுகும்?

இன்றைய ஒரே சபையில் 225 பேர். சட்டமூலம் நிறைவேறியது என்று சபாநாயகர் சான்றுரைக் கையெழுத்து இட்டுவிட்டால், அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. ஆகவே செய்வதை முன்பே செய்ய வேண்டும். வர்த்தமானியில் வெளியான சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அலுவல் பட்டியலில், ஏறும். அந்த நாளிலிருந்துதான் மனுச் செய்வதற்கான கெடு ஓடும். கெடு குறுகியது, பத்திரிகையில் செய்தி வரட்டும் என்று காத்திருந்து கோட்டை விடுபவர்களே அதிகம். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். மனுவின் பிரதியை அதே நேரத்தில் சபாநாயகருக்கும் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை சபையில் அந்தச் சட்டமூலம் நகராது. சாதாரண பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்கு வேண்டுமா, அதோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவையா என்று நீதிமன்றம் சொல்லும்.

ஓட்டை இருப்பது குழுநிலையில், அதாவது சபை சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்து திருத்தும் கட்டத்தில். அங்கே புதிதாகச் செருகப்படும் திருத்தங்களை எதிர்த்து மனுப்போட வாய்ப்பில்லை. 2017இல் பெண் வேட்பாளர்களுக்கு 30 வீதம் ஒதுக்க வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தத்தில், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றினார்கள். புதிய முறைக்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணயம் முடியாமல் மாகாண சபைத் தேர்தல்கள் முடங்கிப் போயின.

கே: செனற் கூடிய கட்டடம் இப்போதும் உள்ளதா?
– வாசகர், மருதானை

ப: உண்டு. கொழும்பு கோட்டையில், இன்று வெளிநாட்டு அமைச்சு இயங்கும் பழைய கட்டடம்தான் அது. பிரதிநிதிகள் சபை காலிமுகத்திடலில், இப்போது ஜனாதிபதி செயலகம் இருக்கும் கட்டடத்தில் கூடியது. ஒரு சபையிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம்.