இடது கைப் பிள்ளைக்கு எந்தக் கைக் கிட்டார்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பந்து எறிவது, பல் தேய்ப்பது எல்லாம் இடது கையில்தான். கிட்டார் வகுப்பில் சேர்க்கப் போகிறோம். “கிட்டாருக்கு இரண்டு கையும் வேண்டும், எல்லாரையும் போல வலது கையிலேயே பழகட்டும்” என்கிறார் ஆசிரியர். கடையில் இடது கைக் கிட்டார் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சாதாரணக் கிட்டாரில் கம்பிகளை மாற்றிக் கட்டினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதல் காரியமாக, கிட்டார் வாங்குவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். உங்கள் ஆசிரியர் சொல்வதில் பாதி உண்மை. கிட்டாருக்கு இரண்டு கையும் வேண்டும்தான். ஆனால் இரண்டு கைக்கும் ஒரே வேலை இல்லை. ஒரு கை, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் என்ற உலோகப் பட்டிகளின் மேல் கம்பியை அழுத்துகிறது. இன்னொரு கை கம்பியை மீட்டுகிறது. சாதாரணக் கிட்டாரில் அழுத்துவது இடது கை, மீட்டுவது வலது கை. பார்ப்பதற்கு அழுத்தும் கைக்குத்தான் வேலை அதிகம் என்று தோன்றும். “இடது கை வலுவாக இருப்பது நல்லதுதானே, சீக்கிரம் பிடித்துக்கொள்வான்” என்று சொல்வதும் அதை வைத்துத்தான். ஆரம்பத்தில் யாருக்குமே அழுத்தும் கை வசப்படாது. வலது கைப் பிள்ளைகளும் முதல் இரண்டு மாதம் விரல் நுனி வலிக்கிறது என்று அழத்தான் செய்கிறார்கள். அந்த வேலை பழகப் பழக வந்துவிடும். தாளம் அப்படியில்லை. தாளத்தை நடத்துவது மீட்டும் கை. அடியின் கனம், இடைவெளி, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தக் கையில்தான் இருக்கிறது. ஆகவே பையனின் எந்தக் கையில் தாளம் தானாக நிற்கிறது என்று பாருங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி முதலில் வலது கைக்காரர்கள் போலப் பிடித்துப் பார்த்து, வசப்படாமல், கம்பிகளைத் திருப்பிக் கட்டிய பிறகே வாசிக்கத் தொடங்கினார். டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவின் மார்க் நாப்ளரும் இடது கைக்காரர்தான். அவர் வலது கைக் கிட்டாரிலேயே உலகப் புகழ் பெற்றார். ஆகையால் பெயர்களை அடுக்கி இதைத் தீர்க்க முடியாது. உங்கள் பையனைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதிலும் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. சாப்பிடுவது வலது கையில்தான் என்று சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறோம். சில வீடுகளில் எழுதுவதையும் மாற்றிவிடுகிறார்கள். அதனால் சோற்றுக்கையையும் எழுதும் கையையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். யாரும் சொல்லித்தராமல் செய்கிற காரியங்களைக் கவனியுங்கள்: பந்து எறிவது, கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது, சுத்தியல் பிடிப்பது, கதவைத் தட்டுவது. பிறகு ஒரு பூப்பந்து மட்டையைக் கொடுத்து, “இதைக் கிட்டார் மாதிரி வாசி பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று சொல்லவும் கூடாது, நீங்கள் பிடித்துக் காட்டவும் கூடாது. கிட்டார் வாசிப்பதை வீடியோக்களில் நிறையப் பார்த்த பிள்ளை பார்த்ததையே செய்யும் என்பதால், இந்தச் சோதனை ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல.

உண்மையான சோதனைக்கு ஒரு கிட்டாரை ஒரு வாரம் இரவல் வாங்குங்கள். எட்டு வயதுக்கு அரை சைஸ் அல்லது முக்கால் சைஸ், நைலான் கம்பியாக இருந்தால் நல்லது. சுருதி காட்டும் ட்யூனர் ஆப்பை வைத்துக்கொண்டு, மிகத் தடித்த 6ஆம் கம்பியை இ ஸ்வரத்திலிருந்து டி-க்கும், 5ஆம் கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், மிக மெல்லிய 1ஆம் கம்பியை இ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மற்ற மூன்றும் இருந்தபடி இருக்கட்டும். மூன்றையும் தளர்த்துவதுதான் என்பதால் கம்பி அறுந்துவிடுமோ என்ற பயமில்லை. இப்போது எதையும் அழுத்தாமல் ஆறு கம்பியையும் சேர்த்து மீட்டினாலே ஜி மேஜர் கார்டு (சில ஸ்வரங்கள் சேர்ந்து எழும் ஒலி) கேட்கும். அழுத்தும் கையின் தொல்லை இல்லாமல் மீட்டும் கையை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கீழ்வீச்சு. முதலில் வலது கையால் இரண்டு நிமிடம், பிறகு கிட்டாரைத் திருப்பிக் கொடுத்து இடது கையால் இரண்டு நிமிடம். திருப்பும்போது 1ஆம் கம்பி மேலே வந்துவிடும். இந்தச் சோதனைக்கு அதனால் ஒன்றும் கெடாது. அடுத்த நாள் கீழ்வீச்சு, மேல்வீச்சு இரண்டும். மறுநாள் இடது கையில் ஆரம்பியுங்கள். வேகத்தைப் பார்க்காதீர்கள். தோள் தூக்கிக்கொள்கிறதா, மணிக்கட்டு விறைக்கிறதா, முழங்கையிலிருந்தே மொத்தக் கையும் ஆடுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொல்லும் சோதனை இது: அவன் மீட்டிக்கொண்டிருக்கும்போதே “மதியம் பள்ளியில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள், அல்லது தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். பதில் சொல்லும்போதும் எந்தக் கை நிற்காமல் ஓடுகிறதோ அதுதான் அவனுடைய தாளக் கை. மற்ற கை, வாய் திறந்த உடனே தடுமாறும் அல்லது நின்றுவிடும். முதல் நாள் இரண்டு கையும் ஒரே மாதிரி மோசமாகத்தான் இருக்கும். நான்காம் ஐந்தாம் நாளில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இடது கை தெளிவாக முந்தினால் இடது கைக் கிட்டாரே வாங்குங்கள். யார் சொன்னாலும் பின்வாங்காதீர்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றாலோ, பையனே வலது கைப் பிடியைத்தான் விரும்புகிறான் என்றாலோ, வலது கைக் கிட்டார் நல்லது. அதில் லாபங்களும் உண்டு. எந்தக் கடையிலும் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்கலாம், நண்பன் வீட்டிலும் பள்ளி விழாவிலும் கிடைத்த கிட்டாரை வாசிக்கலாம், பழைய கிட்டார் மலிவாகக் கிடைக்கும். இந்த வசதிகளை நாங்கள் லேசாக நினைக்கவில்லை. ஆனால் தாளம் இடது கையில் தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு இவை ஈடாகாது.

இனி உங்கள் நண்பரின் யோசனை. கம்பிகளை மாற்றிக் கட்டுவது நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் சாத்தியம். ஸ்டீல் கம்பி அக்கௌஸ்டிக் கிட்டாரில் வேண்டாம். காரணம், கழுத்தின் தலைப்பக்கம் இருக்கும் நட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் அதன் கனத்துக்கேற்ற பள்ளம் வெட்டியிருக்கும். ஸ்டீலில் வழக்கமான லைட் செட் ஒன்றில் 1ஆம் கம்பி 0.012 அங்குலம், 6ஆம் கம்பி 0.053 அங்குலம். தடித்த கம்பி மெல்லிய பள்ளத்தில் இறங்காமல் மேலே நிற்கும். முதல் பிரெட்டில் அழுத்தவே பிள்ளைக்குப் பலம் போதாது, அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். மெல்லிய கம்பி அகலப் பள்ளத்துக்குள் ஆடி இரையும். இன்னொரு கோளாறு, உடம்பில் கம்பிகளை மாட்டும் பிரிட்ஜில். அங்கே கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டைதான் சாடில். ஸ்டீல் கிட்டாரில் அது சாய்வாக இருப்பதைப் பார்க்கலாம். தடித்த கம்பிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் கிடைக்கத்தான் அந்தச் சாய்வு. திருப்பிக் கட்டினால் தடித்த கம்பி குறைந்த நீளத்தில் மாட்டிக்கொள்ளும். வெறும் கம்பியில் சுருதி சரியாக இருக்கும். கழுத்தில் மேலே போகப் போகத் தடித்த கம்பிகளில் ஏறும், மெல்லிய கம்பிகளில் இறங்கும். பிள்ளை சரியாக வாசித்தும் தப்பாகக் கேட்கும். காது கெடுவது அப்படித்தான். கட்டியே தீர வேண்டும் என்றால் பிரிட்ஜில் புதுப் பள்ளம் வெட்ட வேண்டும். முதல் கிட்டாருக்கு அந்தச் செலவு தகாது.

நைலானில் சாடில் நேராக இருக்கும், கம்பிகளின் கன வித்தியாசமும் குறைவு. ரிப்பேர் செய்பவரிடம் மூன்று வேலை சொல்லுங்கள். ஒன்று, புது நட். பழைய நட்டையே திருப்பி வைக்கச் சம்மதிக்காதீர்கள். புதியதில் பள்ளங்களை இடது கை வரிசைக்கு வெட்ட வேண்டும். இரண்டு, சாடில். தடித்த கம்பிப் பக்கம் அது கொஞ்சம் உயரமாக இருக்கும். பெரும்பாலும் பசை போட்டிருக்க மாட்டார்கள், உருவியெடுத்துத் திருப்பி வைத்தாலே போதும். மூன்று, கழுத்தின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள். திருப்பிப் பிடித்தால் அவை கீழே போய்விடும், பையனுக்குத் தெரியாது. 5, 7, 9, 12ஆம் பிரெட்டுகளுக்கு நேராக மேல் ஓரத்தில் நகப்பூச்சாலேயே புள்ளி வைத்துக்கொள்ளலாம். கட்அவே, அதாவது கழுத்தோரம் உடம்பில் வெட்டு, உள்ள கிட்டாராக இருந்தால் அந்த வெட்டு மேல் பக்கம் போய்ப் பயனில்லாமல் நிற்கும். அதனால் முழு உடம்புள்ளதாகப் பாருங்கள்.

வேலை முடிந்து வாங்கும்போது இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். கம்பியை 3ஆம் பிரெட்டில் அழுத்திக்கொண்டு 1ஆம் பிரெட்டுக்கு மேலே பாருங்கள்: ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். துளியும் இல்லையென்றால் வெறும் கம்பி இரையும். அதிகம் என்றால் விரல் நோகும். பிறகு 12ஆம் பிரெட்டுக்கு நேராகக் கம்பியை லேசாகத் தொட்டு எழும் ஹார்மோனிக்கையும், அதே பிரெட்டில் அழுத்தி எழும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இடது கைக்கென்றே செய்த முழு சைஸ் கிட்டார்கள் உண்டு. யமஹாவின் எஃப்ஜி820எல் அக்கௌஸ்டிக்கும் பசிஃபிகா 112ஜேஎல் எலக்ட்ரிக்கும் அந்த வகை. அரை, முக்கால் சைஸில் இடது கைக் கிட்டார் கிடைப்பதுதான் பெரும்பாடு. எட்டு வயதுக்கு முழு சைஸ் வேண்டாம். 650 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் முதல் பிரெட்டுக்குக் கை எட்டாமல் முதுகு கோணிப்போகும். ஆகவே உங்கள் பையனுக்கு இப்போதைக்கு முக்கால் சைஸ் நைலானை மாற்றிக் கட்டுவது, வளர்ந்த பிறகு இடது கைக் கிட்டாரே வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை மாற்றாமல் கிட்டாரை அப்படியே கவிழ்த்து வாசிப்பதும் ஒரு வழி. அமெரிக்கக் கிட்டார் கலைஞர்கள் ஆல்பர்ட் கிங்கும் எலிசபெத் காட்டனும் அப்படி வாசித்தவர்கள். ஆனால் அதில் கார்டு வடிவங்கள் எல்லாமே தலைகீழ். எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. பிள்ளைக்கு வேண்டாம்.

வகுப்பில் கஷ்டமாகுமே என்ற கவலை தேவையில்லை. வலது கை ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்தால் அவர் கை கண்ணாடியில் தெரிவது போலவே பையனுக்குத் தெரியும், அப்படியே பின்பற்றலாம். எந்தக் கம்பியில் எந்தப் பிரெட் என்று எண்ணால் காட்டும் டேப் எழுத்துமுறை இரு கைக்கும் ஒன்றே. மாறுவது கார்டுப் படம் மட்டும்தான், அதை இடவலம் திருப்ப வேண்டும். அதற்குப் பதில் 6ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை அழுத்தும் பிரெட்டை எண்ணாக (0 என்றால் அழுத்தாத கம்பி) எழுதப் பழக்குங்கள்: ஜி மேஜர் 320003, இ மைனர் 022000. எந்தக் கைக்கும் இந்த எண் மாறாது. கிளாசிக்கல் முறையில் உட்கார்ந்தால் வலது கால் பலகை மேல், கிட்டார் வலது தொடை மேல்.

பையனைப் பார்க்காமலேயே “இடது கைக்குச் சொல்லித்தர மாட்டேன்” என்று சொல்லும் ஆசிரியரிடம் மன்றாடாதீர்கள், வேறு ஆசிரியரைப் பாருங்கள். மிருதங்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். அவர் வாசித்தால் வலந்தலை (வழக்கமாக வலது கையால் வாசிக்கும் முகம்) சபைப் பக்கம் வர, மேடையில் உட்காரும் வரிசையையே மாற்ற வேண்டியிருந்தது. கிட்டார் வகுப்பில் அந்தச் சிரமம்கூட இல்லை. கழுத்துகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதும்.

ஏற்கெனவே வலது கையில் சில மாதம் பழகிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தாளம் ஒழுங்காக ஓடுகிறதென்றால் இடது கைக்காரன் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். கார்டு மாற்றுவது சரளமாக வந்தும் ஸ்ட்ரம்மிங் மட்டும் மாதக்கணக்கில் உடைந்தே நிற்கிறதென்றால், மேலே சொன்ன ஜி ட்யூனிங்கில் இடது கையால் தினம் பத்து நிமிடம், இரண்டு வாரம் மீட்டவிடுங்கள். மாதக்கணக்கில் பழகிய வலது கையை அதற்குள் இடது கை எட்டிப்பிடித்துவிட்டால் தயங்காமல் மாற்றலாம். கார்டுகளின் பெயரும் எண்ணும் காதும் கூடவே வரும். விரல்கள் மட்டும் புதிதாகப் பழக வேண்டும்.