மலைப்பகுதி சொகுசு ரிசார்ட்டுகள் "உள்ளூர் பாரம்பரிய முறையில் கட்டியது" என்று விளம்பரம் செய்வதை நம்பலாமா?

மணாலி பக்கம் ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், படத்தில் கல்லும் மரமும் மாறி மாறி வரும் சுவரைக் கண்டு மயங்கிவிட்டீர்கள், சரிதானே? குலு பள்ளத்தாக்கில் அப்படி ஒரு ரிசார்ட் எழும்பியபோது நான் சைட் இன்ஜினீயர். எனக்குத் தெரிந்த பல இடங்களில் உள்ளே நிற்பது காங்கிரீட் தூணும் பீமும்தான். கல், மரமெல்லாம் வெளியே ஒட்டியது.

அசல் முறைக்குக் காட்குணி என்று பெயர். சுவரின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என தேவதாரு உத்தரங்களைப் படுக்கவைத்து நடுவில் கல்லை நிரப்புவார்கள். மேலே ஒரு வரிசை கல், மறுபடி மரம். சாந்து கிடையாது. மூலையில் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக ஏறும். பூமி குலுங்கினால் சுவர் அசைந்து கொடுக்கும், சட்டென்று விழாது. 1905 காங்ரா பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் செத்தார்கள். மணாலிக்குப் பக்கத்தில் இதே முறையில் கட்டிய நக்கர் கோட்டை தப்பித்தது. இப்போது அது மாநில சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல். அசலில் தூங்க ஆசையென்றால் அங்கே போங்கள்.

எங்கள் முதலாளியும் எல்லாக் காட்டேஜையும் காட்குணியில்தான் கேட்டார். ஒன்றரை அடிச் சுவர் என்றதும் வரைபடத்தை விரித்து, "அப்புறம் பாத்டப் எங்கே போகும்?" என்றார். தேவதாரு அதைவிடத் தலைவலி. காட்டில் உரிமையுள்ள உள்ளூர்க்காரர்களுக்குச் சொந்த வீடு கட்ட வனத்துறை சலுகை விலையில் மரம் தரும், ஹோட்டலுக்குத் தராது. கடைசியில் வரவேற்புக் கூடம் மட்டும் அசலாக வந்தது. அதைக் கட்டிய வயதான மிஸ்திரி ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். ஆடினால் எடுத்து, அடியில் ஒரு சில்லைச் சொருகி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவர் வேகத்தைப் பார்த்து மேனேஜருக்கு பிரஷர் ஏறும். திறப்பு விழா மலரில் அந்த மிஸ்திரி பெயர் இல்லை. ஆர்க்கிடெக்ட் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது.

உடனே "காங்கிரீட் என்றால் கேவலமா?" என்று கிளம்பாதீர்கள். விதிப்படி கம்பி கட்டிய காங்கிரீட்டும் பூகம்பத்தைத் தாங்கும். கண்ணாடிச் சுவர், பெரிய ஹால் எல்லாம் வேண்டுமென்றால் காட்குணி சரிப்படாது. அதைப் பாரம்பரியம் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் எனக்கு எரிகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரமுனையை நம்பாதீர்கள், அதையும் துண்டாக அறுத்து ஒட்டுகிறார்கள். ஜன்னலுக்குப் போங்கள். அசல் சுவரென்றால் அதன் தடிமனில் முழங்கை முதல் விரல் நுனிவரை கை படுக்க வேண்டும். சுவரிலுள்ள மரத்தைத் தட்டிப் பாருங்கள், உள்ளே கூடாக இருப்பதுபோல் கேட்டால் அது ஒட்டிய பலகை. பால்கனிக்கு அடியில் குனிந்தால் பெரும்பாலும் காங்கிரீட் தூணே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் என் சொந்தக்காரர்கள் யாரும் கேட்டதே இல்லை. அங்கே வேலை பார்த்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து "மாப்ள, டிஸ்கவுண்ட் வாங்கித் தா", "பனி எந்தத் தேதியில விழும்?" இவ்வளவுதான். பனி விழாவிட்டால் அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள். நான் அந்த வேலையை விட்டுக் கோயம்புத்தூர் வந்து ரொம்ப நாளாகிறது, போன் மட்டும் நிற்கவில்லை.