வயது 65, வேலையும் இருக்கிறது: மெடிகேர் எப்போது?

கேள்வி: எடிசன் ஊரில் வேலை பார்க்கிறேன், மார்ச்சில் 65. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்போது மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவ இன்சூரன்ஸ்) இப்போதே வேண்டுமா?
– நியூஜெர்சி வாசகர்

பதில்: முதலில் கம்பெனியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கம்பெனி இன்சூரன்ஸ்தான் முதலில் பணம் கொடுக்கும்; மெடிகேரில் டாக்டர் செலவுக்கான, மாதாமாதம் பிரீமியம் கேட்கும் பார்ட் பி-யை அபராதமில்லாமல் தள்ளிப்போடலாம், வேலையோ இன்சூரன்ஸோ நின்றபின் சேர 8 மாதம் அவகாசம் உண்டு. 20-க்குக் கீழே என்றால் 65-லேயே சேர்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில்தான். ஆஸ்பத்திரி செலவுக்கான பார்ட் ஏ இலவசம்தானே என்று உடனே விண்ணப்பித்துவிடாதீர்கள், எச்.எஸ்.ஏ.வில் (வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணம் போடுகிறவரா? மெடிகேர் தொடங்கிவிட்டால் அதில் பணம் போடக்கூடாது. 65 தாண்டிச் சேர்ந்தால் பார்ட் ஏ 6 மாதம் வரை முன்தேதியிட்டுத் தொடங்கும், ஆகவே அந்த 6 மாதத்துக்கு முன்பே எச்.எஸ்.ஏ.வில் போடுவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வரிச் சிக்கல். அப்புறம், வேலையை விட்டபின் கோப்ரா (பழைய கம்பெனி இன்சூரன்ஸையே சொந்தப் பணத்தில் கொஞ்ச காலம் தொடரும் வசதி) இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அந்த 8 மாதம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.