சட்டம் கேளுங்கள்: வக்கீல் அடித்தால் யாரிடம் போவது?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் வக்கீல். மதில் சுவர் தகராறில் என் அண்ணனைக் கம்பியால் அடித்துவிட்டார். மண்டையில் 7 தையல். வக்கீல் சங்கத்தில் மனு கொடுத்தோம். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசிலும் கொடுத்தோம். ‘அது அவருடைய சொந்த விவகாரம்’ என்று கையை விரித்துவிட்டார்கள். அவருடைய கோட்டைக் கழற்ற வழியே இல்லையா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் மனு கொடுத்த இரண்டு இடத்துக்கும் அந்த அதிகாரம் கிடையாது. சன்னதில், அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தில், கை வைக்கக்கூடியது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில். மதுரைக் கிளைக்குப் போய் அலைய வேண்டாம்.

சொந்த விவகாரம் என்று சொல்லித் தப்பிவிட முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவு, தொழிலில் செய்யும் தவறோடு ‘பிற நடத்தைத் தவறு’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதற்காக எல்லாக் கைகலப்பும் அதில் அடங்கிவிடாது. சூதாட்ட வழக்கில் தண்டனை பெற்ற ஒரு வக்கீல் மீது அந்த ஒன்றுக்காக நடவடிக்கை தேவையில்லை என்று 1941இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. எதிராளியைக் கோர்ட்டுக்குள்ளேயே கத்தியால் தாக்கித் தண்டனை பெற்ற உத்தரப் பிரதேச வக்கீலின் பெயரையோ, 1997இல் உச்ச நீதிமன்றம் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் விஷயம் நிற்கிறது. கம்பியும் தையலும் இருப்பதால் சூதாட்டத்தைவிடக் கனமானதுதான். ஆனால் ஆதாரம் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகலை மட்டும் இணைத்து அனுப்புவதுதான் பலரும் செய்கிற பிழை. அது குற்றச்சாட்டு, நிரூபணம் அல்ல. ஆஸ்பத்திரியின் காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு வந்திருந்தால் அதன் சான்றிட்ட நகல், இவையெல்லாம் சேர வேண்டும். கிரிமினல் வழக்கைப் போலவே சாட்சியத்தைக் கறாராக எடைபோடுவார்கள். புகாரைத் தமிழிலேயே எழுதலாம். நாள், நேரம், இடம், வக்கீலின் பதிவு எண் ஆகியவற்றைக் குறித்து, கையெழுத்திட்டு, ‘மேற்கண்டவை உண்மை’ என்ற சரிபார்ப்புப் பத்தியையும் சேர்த்து, கட்டணத்தோடு கொடுங்கள். பத்து வருஷத்துப் பங்காளிப் பகையையெல்லாம் அதில் கொட்டாதீர்கள். படிக்கிறவருக்கு விஷயம் பிடிபடாமல் போகும்.

முகாந்திரம் உண்டென்று கவுன்சில் கருதினால்தான் 3 பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். ஒரு வருஷத்தில் முடியாவிட்டால் விவகாரம் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். கண்டனம், சில காலத் தடை, பெயர் நீக்கம் என எதுவும் வரலாம். 60 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. இன்னொன்று: நடுவில் நீங்கள் சமாதானமாகிவிட்டால் அதை மட்டும் காரணமாக வைத்துப் புகாரை மூட மாட்டார்கள். சுவர்ப் பிரச்சினையில் பேரம் பேசலாம் என்று இதைக் கையில் எடுக்காதீர்கள். சுவருக்கு சிவில் கோர்ட்டுதான்.

கேள்வி: தெரிந்த வக்கீல் ஒருவர் கைமாற்றாக ரூ.3 லட்சம் வாங்கி, செக் கொடுத்தார். திரும்பிவிட்டது. பார் கவுன்சிலில் சொன்னால் பணம் வருமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: வராது. பணம் வசூலித்துத் தருவது அவர்கள் வேலையில்லை. வெறும் கைமாற்றுக் கடனை நடத்தைத் தவறாக எடுத்துக்கொள்வதும் அபூர்வம். உங்கள் வழக்கில் கட்டவென்று வாங்கிய பணமாக இருந்தால் கதை வேறு, அது நேரடியாகத் தொழில் தவறு. இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது காலண்டரை. செக் திரும்பிய தகவல் பாங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவர் கைக்குக் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் செக் மோசடிக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்குப் போட வேண்டும். பார் கவுன்சில் பதிலுக்குக் காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: கோயில் கொடை அடிதடியில் என் பெயரும் வழக்கில் இருக்கிறது. சட்டப் படிப்பு முடித்துவிட்டேன். பதிவு செய்ய முடியுமா?
- வாசகர், களக்காடு

பதில்: ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களைத்தான் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு தடுக்கிறது, அதுவும் விடுதலையாகி 2 வருஷம் வரைதான். வழக்கு நிலுவையில் இருப்பதை மட்டும் அந்தப் பிரிவு தடையாகச் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். முக்கியமான தகவலைத் திரித்துப் பெற்ற பதிவை இந்திய பார் கவுன்சில் பின்னால் நீக்கலாம்.