பிரஷர் ஒரு நாள் 130, இன்னொரு நாள் 160 என்று ஏறி இறங்கினால் கிட்னிக்கு ஆபத்தா?

மாடி ஏறினால், காபி குடித்தால், ஏன், டாக்டரைப் பார்த்தாலே பிரஷர் கொஞ்சம் ஏறும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை கிளினிக் போகும்போதும் அளவு பெரிதாக மாறினால் கவனிக்க வேண்டும். சராசரி ஒன்றாகவே இருந்தாலும், இப்படி மாறுபவர்களுக்குச் சிறுநீரக நோய் அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மாற்றமேதான் காரணமா, ஏற்கெனவே இறுகிப்போன ரத்தக்குழாயின் அடையாளமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குட்டித் தமனி, பிரஷர் ஏறினால் சுருங்கும், இறங்கினால் விரியும்; வடிகட்டிக்குள் அழுத்தம் சீராக இருக்கும். பல வருட உயர் ரத்த அழுத்தத்தில் அந்தத் தமனி தடித்துவிட்டால் இந்த வேலை கெடும். அப்புறம் ஏற்றம் நேராக வடிகட்டியில் போய் இடிக்கும். இறக்கத்தில் ரத்தம் போதாமல் போகும்.

‘இன்றைக்கு நார்மல்’ என்று மாத்திரையை நிறுத்துகிறோமே, பல வீடுகளில் ஊசலாட்டம் அங்கேதான் தொடங்குகிறது. மூட்டுவலிக்கு நாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கும் பிரஷரை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும்.

வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் அல்புமினும் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்) பாருங்கள். சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மலாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.