ஆய்வு மாணவர்கள் கேட்டவை

2023இல் பதிவு செய்தேன். குழந்தை பிறந்ததால் ஓராண்டாக ஆய்வகத்துக்குப் போகவில்லை. "இனி உங்களால் முடியாது" என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– தாவரவியல், தஞ்சாவூர்

விடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வை முடிக்க உங்களுக்கு 6 ஆண்டுகள் உண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண் என்ற வகையில் மேலும் 2 என மொத்தம் 10 ஆண்டுகள் வரை நீட்டிக்க இடமிருக்கிறது. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை பெறலாம். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுப்பார்கள். நெறியாளர் வழியாக எழுத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

நாங்கள் வடிவமைத்த நெல் உலர்த்தியைப் பற்றி முதலில் கட்டுரை வெளியிடுவதா, காப்புரிமை கேட்பதா?
– எந்திரவியல், கோவை

காப்புரிமைதான் முதலில். கட்டுரை அச்சேறினால் உங்கள் கண்டுபிடிப்பின் புதுமை போய்விடும். எழுதியவர் நீங்களே என்பது உங்களைக் காப்பாற்றாது. தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தோடு, விண்ணப்பித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுங்கள். கல்வி நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்தால் கட்டணம் 80 சதவீதம் குறையும்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக ஓர் ஆய்விதழ் அழைக்கிறது. நம்பலாமா?
– வேதியியல், சேலம்

வேண்டாம். அப்படி ஓர் அழைப்பை என் மாணவி ஒருத்தி அச்செடுத்துக் கொண்டுவந்தாள். அவள் பெயரிலேயே எழுத்துப்பிழை. மருத்துவம், மேலாண்மை, இலக்கியம், பொறியியல் எல்லாம் அந்த ஒரே இதழில் வருமாம். ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவருக்கு நாங்கள் எழுதிக் கேட்டோம். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தது. அவள் அதற்குள் முன்பணம் அனுப்பியிருந்தாள், அதுவும் தன் உதவித்தொகையிலிருந்து. எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறை நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். தரமான இதழ்கள் என்று மானியக் குழு வைத்திருந்த பட்டியலும் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ஆகவே தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் ஆய்வேட்டில் அதிகமாக மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன என்று எண்ணுங்கள். அவற்றுக்கே அனுப்புங்கள்.

சட்ட ஆய்வுக்குத் தீர்ப்புகளைத் தொகுத்தால் போதாதா?
– வழக்குரைஞர், மதுரை

போதாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நீதித்துறை நடுவர் முயலவேண்டும் என்கிறது பிரிவு 12(5). உங்கள் ஊர் நீதிமன்றத்தில் உண்மையில் எத்தனை நாள் ஆகிறது? ஒத்திவைப்பு யாரால்? அனுமதி பெற்று, பெயர்களை மறைத்து, வழக்குக் கட்டுகளிலிருந்து தேதிகளைக் குறித்தெடுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் படிப்பவருக்கு அந்தப் பெண் வராந்தாவில் காத்திருந்த நாட்கள் தெரியாது.

1920களின் தமிழ் இதழ்களை எங்கே தேடுவது?
– வரலாறு, திருநெல்வேலி

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்குங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் அதன் அடித்தளம், 1994இல் நூலகமானது. அரசு தரப்பு என்ன நினைத்தது என்று அறிய எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அரசாணையோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.

இதழைக் கையில் எடுத்ததும் கட்டுரைக்குத் தாவிவிடாதீர்கள். அட்டையில் விலை எத்தனை அணா, உள்ளே எந்த ஊர்க் கடைகளின் விளம்பரம், கடைசிப் பக்கத்தில் அச்சகம் எந்தத் தெரு என்று பாருங்கள். யார் படித்தார்கள், யார் பணம் போட்டார்கள் என்பதற்குத் தடயம் அங்கேதான் கிடைக்கும். பென்சில் கொண்டுபோங்கள், பழைய தாளுக்குப் பக்கத்தில் பேனா கூடாது.