'ஸ்ப்யூமெஸன்ட்' என்றால் என்ன? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஓர் ஆங்கில நாவலில் கடலை 'ஸ்ப்யூமெஸன்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். என் கைபேசி அகராதியில் இல்லை. அப்படி ஒரு சொல் உண்டா?

உண்டு. பெரிய அகராதிகளில் கிடைக்கும். நுரைக்கிற, நுரை போன்ற என்று பொருள். லத்தீனில் 'ஸ்பூமா' என்றால் நுரை. அதிலிருந்து நுரைக்கத் தொடங்குவதைச் சொல்லும் வினை வந்தது, அந்த வினையிலிருந்து இந்தச் சொல்.

கேள்வி: நுரைத்த என்று சொல்ல 'ஃப்ராத்தி', 'ஃபோமி' இருக்கும்போது இது எதற்கு?

பாதி நேரம் எழுத்தாளரின் பந்தாவுக்குத்தான்! ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வளரிளம் பருவத்தினரைக் குறிக்கும் 'அடொலஸன்ட்' சொல்லின் கடைசியில் வரும் 'எஸன்ட்' இதிலும் உண்டு. ஒன்று இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டும். அலை சுருண்டு உடையும்போது உச்சியில் மெல்ல வெள்ளை கட்டுமே, அந்த நேரத்துக்கு இச்சொல் கச்சிதம். டபராவில் ஆற்றிய காபிக்கு 'ஃப்ராத்தி' போதும்.

கேள்வி: 'ஃபோம்' இதற்கு உறவா? ஓசையே ஒட்டவில்லையே.

உறவுதான். லத்தீனில் 'ப' ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் பல முறை 'ஃப' வரும். அங்கே 'பாட்டெர்', இங்கே 'ஃபாதர்'. அங்கே 'பிஸ்கிஸ்', இங்கே 'ஃபிஷ்'. அதே வழியில் வந்ததுதான் 'ஃபோம்'. 'ஸ்பூமா'வின் முன்னால் நிற்கும் 'ஸ்' சில மொழிகளில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் இருக்காது. சமஸ்கிருதத்தின் 'பேன' என்பதும் இந்தக் குடும்பம். பழைய தமிழ் நூல்களில் நுரைக்குப் 'பேனம்' என்று வருவது அங்கிருந்து வாங்கியது.

கேள்வி: அப்படியானால் 'நுரை'யும் அங்கிருந்து வந்ததா?

இல்லை. அது நம்முடையது. மலையாளத்தில் நுர, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு.

கேள்வி: பாதம் தேய்க்கும் 'ப்யூமிஸ்' கல்லும் இதே வேர் என்கிறார்களே, கல்லுக்கும் நுரைக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கல்லே நுரைதான். எரிமலை வெடிக்கும்போது குழம்பில் கரைந்திருந்த வாயு குமிழ் குமிழாகப் பொங்கும். அது அடங்குவதற்குள் குழம்பு இறுகிவிட்டால் ப்யூமிஸ். கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பொத்தல் பொத்தலாகத் தெரியும். பல கற்கள் தண்ணீரில் மிதக்கவும் செய்யும். லத்தீனில் இதன் பெயர் 'பூமெக்ஸ்'. 'ஸ்பூமா'வும் இதுவும் ஒரே வேர் என்பது மொழியியலாளர் கருத்து. அந்தக் காலத்தில் எழுதும் தோலை இக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதற்குத் தூவும் பொடிக்கு ஆங்கிலத்தில் 'பவுன்ஸ்' என்று பெயர். அதுவும் 'பூமெக்ஸ்' வழி வந்ததே. (பாய்வதைக் குறிக்கும் 'பவுன்ஸ்' வேறு.)

கேள்வி: பழைய மருந்தியல் நூலில் 'மெல் டெஸ்புமாட்டும்' என்று பார்த்தேன். இதிலும் 'ஸ்பூமா' தெரிகிறதே?

நல்ல கண் உங்களுக்கு! 'மெல்' என்றால் தேன். மற்றது, நுரை நீக்கிய என்று பொருள். தேனை இளஞ்சூட்டில் வைத்தால் மெழுகுத் துணுக்கும் தூசியும் நுரையோடு மேலே வரும். அதை வழித்தெடுத்துவிட்டால் தெளிந்த தேன். வெல்லப்பாகில் அழுக்கு நுரையை அள்ளிப் போடுகிறோமே, அதே வேலை.

கேள்வி: 'ஸ்கம்' என்று திட்டுகிறார்களே, அதுவும் நுரையா?

ஆமாம், ஆனால் வேர் வேறு. டச்சுப் பக்கத்திலிருந்து வந்த சொல், முதலில் வெறும் நுரைதான். அப்புறம் மேலே மிதக்கும் கசடு, அதற்கும் அப்புறம் வசவு.

கேள்வி: தமிழில் எப்படி மொழிபெயர்க்கலாம்?

கடல் என்றால் 'நுரைத்தெழும்'. காட்டாற்று வெள்ளம் என்றால் 'நுங்கும் நுரையுமாக' என்று நம் ஊரில் சொல்வதை விடவா வேறு வேண்டும்?

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரையில் 'ஸ்ப்யூமெஸன்ட்' போட்டால் மதிப்பெண் கூடுமா?

வேண்டாம் தம்பி. கடற்கரை வருணனை கேட்டால்கூட 'ஃபோமி' போதும்.